தென்னைமரத்துச் சாம்பல் திட்டு: இது யார், அது யார்?

பிள்ளைகளே, புதுச்சேரியின் தவளக்குப்பம் நாற்சந்தியிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பூரணாங்குப்பம் போகும் வழியில் தென்னந்தோப்புகள் உண்டு. அங்கே வயதான ஒரு தென்னையின் அடிமரத்தைப் பாருங்கள். வெள்ளையாக, சாம்பலாக, சில இடத்தில் லேசான பச்சையாக வட்ட வட்டத் திட்டுகள் ஒட்டியிருக்கும். “மரத்துக்குச் சொறி புடிச்சிருக்கு” என்பார்கள் சிலர். சுண்ணாம்பு தெறித்த கறை என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. அது உயிருள்ள ஒன்று. மரத்துக்கு அதனால் நோயும் இல்லை. அதன் பெயர் லைக்கன்.

பாடப் புத்தகத்தில் லைக்கனைப் பற்றி இரண்டு வரி படித்திருப்பீர்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டு வாழ்க்கை என்று போட்டிருக்கும். பூஞ்சை தன் நூல்போன்ற இழைகளால் உடம்பைக் கட்டுகிறது. பாசி அந்த உடம்புக்குள் இருந்துகொண்டு வெயிலை வைத்து உணவு தயாரிக்கிறது. தென்னையிடமிருந்து லைக்கன் எதையும் உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் மட்டும்தான் அதற்கு வேண்டும். இந்த இரட்டை வாழ்க்கையை 1867-இல் முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வென்டெனர். அன்றைய பெரிய லைக்கன் அறிஞர்கள் பலர் அதை ஏற்கவே இல்லை. ஓர் உயிர் என்று தாங்கள் ஆயுளெல்லாம் பார்த்துவந்த ஒன்றை, இரண்டு உயிர் என்று ஒருவர் சொன்னால் கோபம் வராதா?

இந்த இரண்டில் யாருடைய பெயரை லைக்கனுக்கு வைப்பது? விதி ஒன்று இருக்கிறது. லைக்கனுக்கு வைக்கும் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. உள்ளே இருக்கும் பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி மரத்துக்குக் கிட்டே போவோம். ஒரு கைலென்ஸ் இருந்தால் நல்லது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும்.

நம் சமவெளித் தோப்புகளில் தென்னையிலும் மாமரத்திலும் அடிக்கடி காணப்படும் லைக்கன்கள் இரண்டு. ஒன்று பிக்சினே கோக்கோஸ். 1788-இல் ஸ்வீடன் நாட்டு ஓலாஃப் ஸ்வார்ட்ஸ் இதற்கு இந்தப் பெயரின் பின்பாதியைக் கொடுத்தார். தென்னையைக் குறிக்கும் பெயர் அது. இன்னொன்று டிரினேரியா அப்ளனாட்டா. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். அதே சாம்பல் நிறம், நடுவிலிருந்து வெளியே பரவும் அதே இதழ் இதழான விளிம்பு, மேலே தூவினாற்போல் அதே வெள்ளைப் பொடி. முன்பின் பழகாத ஒருவர் இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தப் பொடியைக் கொஞ்சம் கவனியுங்கள். அது தூசி இல்லை. ஒவ்வொரு துகளிலும் சில பாசிச் செல்களும் அவற்றைச் சுற்றிய பூஞ்சை இழைகளும் இருக்கின்றன. காற்று அடித்தாலோ எறும்பு மிதித்தாலோ துகள் பறந்து வேறொரு மரத்தில் விழும். இடம் பிடித்துவிட்டால் அங்கே ஒரு புது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்தே கிளம்புவதால் போன இடத்தில் துணையைத் தேட வேண்டியதில்லை. டிரினேரியாவில் இந்தப் பொடி இதழ்களின் மேல்பரப்பில் சின்னச் சின்ன உருண்டைக் குவியல்களாக இருக்கும். பிக்சினேயில் ஓரங்களிலும் மேலேயும் ஒழுங்கில்லாமல் கிடக்கும். பழகிய கண்ணுக்கு இந்த ஒரு குறிப்பே பாதி விடையைக் கொடுத்துவிடும்.

மீதி விடையைக் கடைக்காரரிடம் வாங்கலாம். கள்ளநோட்டு பார்க்கச் சில கடைகளில் ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, அந்தப் புறஊதா விளக்குதான். இருட்டியபின் பெரியவர் ஒருவரோடு போய் அந்த ஒளியை மரத்தின் மேல் பாய்ச்சினால் பிக்சினே கோக்கோஸ் மஞ்சளாக ஒளிரும். அதன் மேல்தோலில் லைக்கசாந்தோன் என்ற பொருள் இருக்கிறது; ஒளிர்வது அதுதான். டிரினேரியா அப்ளனாட்டா மங்கிப்போய்க் கிடக்கும். விளக்கை நேராகக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்கு ஆகாது.

வேலை முடிந்ததா? இல்லை. பிக்சினே சப்சினீரியா என்று பிக்சினேயின் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. அதுவும் மஞ்சளாக ஒளிரும், அதற்கும் பொடி உண்டு. அங்கே மேல்தோலை ஊசிமுனையால் லேசாகச் சுரண்டி உள்ளே பார்க்க வேண்டும். உட்புறம் மஞ்சளாக இருந்தால் சப்சினீரியா. வெள்ளையாகவோ வெளிறிய வைக்கோல் நிறத்திலோ இருந்தால் கோக்கோஸ். வெளியே பார்த்துத் தீராத வழக்கு இப்படித்தான் உள்ளே போகிறது. உள்ளமைப்பைப் படிப்பதற்கு உடற்கூறியல் என்று பெயர். மனிதருக்கு மட்டுமல்ல, நகத்தின் கனம்கூட இல்லாத லைக்கனுக்கும் அது உண்டு.

ஆய்வுக்கூடத்தில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். காய்ந்த லைக்கன் நொறுங்கும், அதனால் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைக்கிறார்கள். சில நொடிகளில் சாம்பல் நிறம் பச்சையாக மாறும். மேல்தோல் நனைந்ததும் கண்ணாடிபோல் ஆகி, அடியிலிருக்கும் பாசி தெரிகிறது, அவ்வளவுதான். மழை விட்டதும் தோப்பில் மரங்களெல்லாம் பச்சை பூசிக்கொள்வதும் இதனால்தான். பிறகு புது பிளேடு ஒன்றை எடுத்து, உருப்பெருக்கியின் அடியில் வைத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகக் குறுக்கே வெட்டுகிறார்கள். கை நடுங்கக் கூடாது. பத்துச் சீவல் வெட்டினால் ஒன்றோ இரண்டோதான் தேறும்.

அந்தச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்கு அடுக்காகத் தெரியும். மேலே பூஞ்சை இழைகள் நெருக்கமாக ஒட்டிய தோல். அதற்குப் புறணி என்று பெயர். அடுத்து பச்சை உருண்டைகளாகப் பாசிகள், வெயில் எட்டும் ஆழத்தில் வரிசை கட்டி இருக்கும். அதற்குக் கீழே இழைகள் தளர்வாகப் பின்னிய பஞ்சுபோன்ற அடுக்கு, காற்றும் ஈரமும் போய்வரும் இடம். எல்லாவற்றுக்கும் அடியில் கீழ்த்தோல். பிக்சினேயின் கீழ்த்தோல் கறுப்பு, அதிலிருந்து வேர்போன்ற கறுப்பு இழைகள் கிளம்பி மரப்பட்டையைப் பிடித்திருக்கும். டிரினேரியாவின் கீழ்த்தோலும் கறுப்புதான், ஆனால் அந்த வேரிழைகள் அதற்குக் கிடையவே கிடையாது. உடம்பையே பட்டையோடு அப்பிக்கொள்கிறது. தூரத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும் அடிப்பக்கத்தில் இவ்வளவு வேறு!

சில லைக்கன்களின் மேல் கறுப்பாகவோ பழுப்பாகவோ குட்டி வட்டத் தட்டுகள் இருக்கும். பூஞ்சை தன் ஸ்போர்களை, அதாவது வித்துத்துகள்களை, உண்டாக்கும் இடம் அது. அந்தத் தட்டை வெட்டினால் உள்ளே நீளப் பைகள் செங்குத்தாக நிற்கும். ஒரு பைக்குள் பெரும்பாலும் எட்டு ஸ்போர்கள். ஒரு ஸ்போருக்குள் எத்தனை அறை, சுவர் எங்கே தடித்திருக்கிறது, நிறம் உண்டா இல்லையா, நீளம் எத்தனை மைக்ரான் என்று அளந்து எழுதுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். லைக்கன் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த ஆதாரம் இது.

மூன்றாவது வழி வேதியியல். அதைக் காட்ட உங்கள் சமையலறைக்கே வருகிறேன். பிரியாணிக்கும் குருமாவுக்கும் பட்டை, லவங்கத்தோடு கறுப்பும் சாம்பலுமாகச் சருகுபோல ஒன்றைப் போடுகிறார்களே, கல்பாசி, அதுவும் லைக்கன்தான். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைகளில் மரத்திலும் பாறையிலும் வளர்வது. மளிகைக்கடைப் பொட்டலத்தில் ‘கல்பாசி’ என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே பல இனங்கள் கலந்திருக்கும். பொட்டலத்தைத் தட்டில் கொட்டி, அகலமான இதழ்களைத் தண்ணீரில் நனைத்து விரித்துப் பாருங்கள். ஓரத்தில் பொடி கட்டியிருந்தால் அது பார்மோட்ரிமா பெர்லாட்டம் ஆக இருக்கலாம். மேற்பரப்பு முழுவதும் பொடியே இல்லாமல், நுண்ணிய விரல்கள் முளைத்ததுபோல் இருந்தால் பார்மோட்ரிமா டிங்க்டோரம் என்று சந்தேகப்படலாம். மேலே வெள்ளைக் கீறல்கள் வலைபின்னியிருந்தால் பார்மோட்ரிமா ரெட்டிகுலாட்டம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சொட்டு போதும். டிங்க்டோரத்தின் வெள்ளை உட்புறத்தைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிந்த நீரை ஒரு சொட்டு வைத்தால் சிவந்துவிடும். அதிலுள்ள லெக்கனோரிக் அமிலம் காட்டும் நிறம் அது. பெர்லாட்டம் சிவக்காது. இதை வீட்டுப் பெரியவரோ ஆசிரியரோ கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் துண்டைச் சமையலுக்குத் திருப்பிப் போடாதீர்கள். இப்படிச் சொட்டு வைத்துப் பார்க்கும் முறையை 1866-இல் அறிமுகப்படுத்தியவர் பின்லாந்தில் பிறந்த வில்லியம் நைலாண்டர். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றின் லைக்கன்களை ஆராய்ந்து, நகரத்துக் காற்று கெட்டால் லைக்கன் மறைந்துபோகும் என்றும் எழுதினார். லைக்கன் இரண்டு உயிர் என்பதைக் கடைசிவரை நம்பாதவர்களில் அவரும் ஒருவர்! ஒரு விஷயத்தில் கூர்மையாகப் பார்த்தவரே இன்னொன்றைப் பிடிவாதமாக மறுத்தார்.

கண், பிளேடு, சொட்டு மருந்து என்று மூன்று கருவிகள் ஆயின. இந்தியாவில் இவற்றை வைத்தே பெரிய வேலை நடந்தது. லக்னோ பல்கலைக்கழகத்தின் தரணி தர் அவஸ்தி ஊர் ஊராகச் சேகரித்தவற்றைப் பிரித்துப் பார்த்து, இந்தியாவிலும் நேபாளத்திலும் உள்ள பெரிய வகை லைக்கன்களை அடையாளம் காணும் வழிகாட்டியை 1988-இல் வெளியிட்டார். இன்றும் நம் நாட்டில் லைக்கன் படிக்க வருபவர் முதலில் கையில் எடுப்பது அவர் எழுதியவற்றைத்தான். அவர் சேர்த்த மாதிரிகள் லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கின்றன.

ஆனால் இந்த மூன்று கருவியும் கைவிடும் இடங்கள் உண்டு. ஒரே இனம் வெயிலில் வளர்ந்தால் சின்னதாக, கறுத்து, சுருங்கி இருக்கும். நிழலில் வளர்ந்தால் அகலமாக, வெளிறி இருக்கும். அப்படியானால் பார்ப்பது இரண்டு இனமா, இரண்டு இடமா? இதற்கு நேர்மாறாக, வெவ்வேறு இனங்கள் ஒரே மாதிரி இடத்தில் வாழ்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிடுவதும் உண்டு. இன்னொரு தலைவலி பொடியும் தட்டும். இரண்டு லைக்கன்கள் எல்லாவற்றிலும் ஒத்திருக்கும். ஒன்றில் பொடி மட்டும், மற்றொன்றில் ஸ்போர் தட்டு மட்டும் இருக்கும். இவற்றை ‘ஜோடி இனங்கள்’ என்று வைத்து, பொடி இருந்தால் ஓர் இனம், தட்டு இருந்தால் வேறு இனம் என்று பிரித்துவந்தார்கள். அது சரிதானா என்று பிளேடால் சொல்ல முடியவில்லை.

அங்கேதான் டி.என்.ஏ. வருகிறது. ஒவ்வொரு உயிரின் செல்லுக்குள்ளும் நீள நூலாக இருப்பது அது. அதில் எழுதியிருப்பது நான்கே எழுத்துகள்தான்: ஏ, டி, ஜி, சி. அவை எந்த வரிசையில் வருகின்றன என்பதுதான் செய்தி. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அந்த வரிசை போகும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். இரண்டு இனங்கள் பிரிந்து நெடுங்காலம் ஆனால் மாறிய எழுத்துகள் கூடிக்கொண்டே போகும். ஓர் இடத்தில் ஒன்றுக்கு ‘ஏ ஜி ஜி டி சி’ என்று இருந்து மற்றதற்கு ‘ஏ ஜி ஏ டி சி’ என்று இருந்தால் ஒரு மாற்றம். இப்படி நூற்றுக்கணக்கான எழுத்துகளை வரிக்கு வரி அடுக்கி ஒப்பிட்டால் யார் யாருக்கு நெருங்கிய சொந்தம் என்ற வம்சாவளி கிடைக்கும்.

மிளகளவு லைக்கன் துண்டு போதும். அதில் ஒட்டிய மரத்தூளை லென்ஸின் அடியில் வைத்து ஊசியால் நீக்கி, பொடியாக அரைத்து, செல்களை உடைக்கும் கரைசலில் வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். டி.என்.ஏ. வெளியே வருகிறது. ஆனால் அது மிகக் கொஞ்சம். அதைப் பெருக்கப் பயன்படுவது பி.சி.ஆர்., கொரோனா காலத்தில் வீட்டில் எல்லோர் வாயிலும் வந்த அதே பெயர்தான். 1983-இல் அமெரிக்கர் கேரி முல்லிஸ் இதைக் கண்டுபிடித்து, 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கரைசலை 95 டிகிரி வரை சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரட்டை இழை பிரியும். சூட்டைக் குறைத்தால் சின்ன வழிகாட்டித் துண்டுகள் சரியான இடத்தில் போய் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி அங்கிருந்து தொடங்கிப் புது இழையைக் கட்டும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நான்கு, பிறகு எட்டு. முப்பது சுற்று எல்லாம் சரியாக நடந்தால் ஒரு நகல் 107 கோடி நகலைத் தாண்டிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்ப் பாருங்கள்.

லைக்கனில் இதைச் செய்யும்போது ஒரு சிக்கல். லைக்கனின் பெயர் பூஞ்சைக்கே உரியது என்றேனே, அரைத்த துண்டுக்குள் நமக்கு வேண்டிய அந்தப் பூஞ்சை மட்டுமா இருக்கிறது? பாசி இருக்கிறது, பாக்டீரியா இருக்கிறது, மேலே விழுந்த வேறு பூஞ்சைகளின் ஸ்போர்கள் இருக்கின்றன. வீராம்பட்டினம் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் காணாமல்போன பிள்ளையைப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை மட்டும் திரும்பிப் பார்ப்பதுபோல, பூஞ்சையின் டி.என்.ஏ.வில் மட்டும் ஒட்டும் வழிகாட்டித் துண்டு தேவைப்பட்டது. 1993-இல் அப்படி ஒன்றை வடிவமைத்தார்கள். அதன்பின் வேலை எளிதானது. ஆனாலும் வேறு பூஞ்சை ஒன்று குறுக்கே வந்து ஏமாற்றுவது இன்றும் நடக்கிறது. கிடைத்த எழுத்து வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது.

எந்தப் பகுதியைப் படிப்பது? பூஞ்சைகளின் டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். என்று ஒரு சிறு பகுதி உண்டு. பெரும்பாலும் ஐந்நூறு, அறுநூறு எழுத்து நீளம். ஓர் இனத்துக்குள் அதிகம் மாறாமல், இனத்துக்கு இனம் மாறுபடுகிற குணம் அதற்கு உண்டு. 2012-இல் உலகின் பூஞ்சை அறிஞர்கள் பலர் கூடி ஆராய்ந்து, பூஞ்சைகளின் அடையாளத்துக்கு முதல் பகுதியாக இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். கவனமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்தாமல் வேறு இரண்டு மூன்று ஜீன்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு பகுதி சொல்வதை இன்னொரு பகுதியும் சொல்கிறதா என்று பார்ப்பதற்காக.

இதெல்லாம் சேர்ந்து என்ன கண்டுபிடித்தது? முதலில் நம் கல்பாசியின் சொந்தக்காரர். வலைக்கீறல் உள்ள ரெட்டிகுலாட்டம் என்றேனே, அதைப்போலவே இருக்கும் ஒன்றுக்குச் சூடோரெட்டிகுலாட்டம் என்று பெயர். இரண்டும் ஒன்றா, வேறா என்று குழப்பம் இருந்தது. பிரதீப் திவாகரும் ஸ்பெயின் நாட்டுக் கூட்டாளிகளும் டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு, அது தனி இனம்தான் என்று 2005-இல் உறுதி செய்தார்கள். திவாகர் லக்னோவில் லைக்கன் படித்துவிட்டு மாட்ரிட் போனவர். இந்தியாவின் கல்பாசிக் குடும்பத்தைப் பற்றி அதே ஆண்டில் தன் ஆசிரியர் உப்ரேதியோடு சேர்ந்து ஒரு பெரிய நூலையும் வெளியிட்டார்.

ஜோடி இனங்களின் கதை வேறு திசையில் போனது. பின்லாந்தின் லீனா மில்லிஸ் குழு, பொடி உள்ள ஃபிசியா சீசியாவையும் தட்டு உள்ள ஃபிசியா அய்போலியாவையும் டி.என்.ஏ.வால் ஒப்பிட்டது. பொடி, தட்டு என்று பிரித்த பழைய எளிய விதி இங்கே பொருந்தவில்லை என்று 2001-இல் எழுதினார்கள். ஆக, டி.என்.ஏ. சில இடங்களில் ஒன்றை இரண்டாக்குகிறது. சில இடங்களில் நாம் போட்ட கோட்டையே அழிக்கச் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தென் அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி. மத்திய, தென் அமெரிக்க மலைகளில் விசிறிபோல் விரிந்து வளரும் அழகான லைக்கன் ஒன்று உண்டு. பல காலம் அதை ஒரே இனம் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். 2014-இல் ராபர்ட் லூக்கிங்கும் தோழர்களும் அதன் டி.என்.ஏ.வைப் படித்தபோது அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது 126 இனங்கள் இருந்தன. தேடினால் நானூறுக்கு மேலும் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது எண்ணிக்கை அல்ல. டி.என்.ஏ. பிரித்துக் காட்டியபின் அவர்கள் அந்த மாதிரிகளைத் திரும்பவும் கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஓரத்தின் மடிப்பு, மேற்பரப்பின் மயிர், நிறம், வளரும் இடம் என்று வித்தியாசங்கள் முன்பே கண்ணெதிரில் இருந்தன! எங்கே பார்க்க வேண்டும் என்று டி.என்.ஏ. சொல்லிக்கொடுத்தது, பார்த்தது கண்தான்.

டி.என்.ஏ.வே திணறிய கதையும் ஒன்று உண்டு. வட அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையிலிருந்து முடிபோல் தொங்கும் பிரையோரியா லைக்கன்கள் இரண்டு. ஒன்று பழுப்பு; அந்த மண்ணின் பழங்குடி மக்கள் அதைப் பக்குவப்படுத்திச் சாப்பிட்டிருக்கிறார்கள். மற்றது மஞ்சள், அதில் வல்பினிக் அமிலம் என்ற நஞ்சு மிகுதி. பூஞ்சையின் டி.என்.ஏ.வைப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை, பாசியும் ஒன்றே. பிறகு ஒன்று உணவாகவும் மற்றது நஞ்சாகவும் இருப்பது எப்படி? டோபி ஸ்ப்ரிபில் என்பவரும் குழுவினரும் உள்ளே எந்த ஜீன்கள் வேலை செய்கின்றன என்று தேடியபோது யாரும் எதிர்பாராத மூன்றாவது ஆள் அகப்பட்டார்: வேறொரு பெரும்பிரிவைச் சேர்ந்த ஈஸ்ட் பூஞ்சை. மஞ்சள் லைக்கனில் அது அதிகமாக இருந்தது. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று காண மறுபடியும் உடற்கூறியலுக்கே வந்தார்கள். அந்த ஈஸ்டின் மேல் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். புறணிக்குள் அது பதிந்திருந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் பூஞ்சை ஒன்று, பாசி ஒன்று என்று சொல்லிவந்த பாடம் 2016-இல் திருத்தப்பட்டது இப்படித்தான்.

நம் கடற்கரைக்கே சொந்தமான ஒரு லைக்கனைச் சொல்லாமல் விட மனமில்லை. 1825-இல், புதுச்சேரியில் தாவரவியல் பூங்கா அமைக்கவென்று பிரான்சிலிருந்து ஓர் இளைஞர் கிளம்பினார். பெயர் ஷார்ல் பெலாஞ்சே, வயது இருபது. கப்பலேறி வராமல் ரஷ்யா, ஜார்ஜியா, ஆர்மீனியா, பாரசீகம் என்று பெரும்பகுதியைத் தரைவழியாகவே கடந்து வந்தார். பயணத்தில் கண்டதையெல்லாம் பின்னர் நூலாக வெளியிட்டபோது ஒரு லைக்கனுக்கு ரொக்செல்லா மொன்டாக்னி என்று பெயரிட்டார். நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்து, பிறகு பூவாத தாவரங்களையும் லைக்கன்களையும் ஆராய்ந்த கமீல் மொந்தாஞ் என்பவரின் பெயர் அது. இந்த ரொக்செல்லா, இந்தியக் கடற்கரைகளில் உப்புக்காற்று படும் மரங்களில் வளர்வது. பட்டையோடு ஒட்டாது, சாம்பல் நிறத்தில் தட்டை நாடாக்களாகக் கிளைவிட்டுத் தொங்கும். மேல்தோலில் பிளீச்சிங் நீர் பட்டால் சிவக்கும். இதன் உறவினர்களிலிருந்துதான் முற்காலத்தில் ஊதாச் சாயமும், நீங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் அமிலத்தையும் காரத்தையும் சோதிக்கும் லிட்மஸும் எடுத்தார்கள்.

பெலாஞ்சே காலத்தில் டி.என்.ஏ. என்ற சொல்லே கிடையாது. அவர் சேகரித்ததுபோன்ற காய்ந்த மாதிரிகள் அருங்காட்சியக உறைகளில் இருக்கின்றன. ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைக்கும்போது எந்தத் துண்டைக் கையில் வைத்துப் பெயரிட்டார்களோ, அந்தப் பெயர் எப்போதும் அந்தத் துண்டோடு கட்டப்பட்டிருக்கும். பழைய துண்டுகளில் டி.என்.ஏ. சிதைந்து போயிருக்கும், எழுத்து வரிசை கிடைக்காமல் போகலாம். அப்போது புதிய மாதிரியின் டி.என்.ஏ.வையும் பழைய மாதிரியின் வெட்டுத் தோற்றத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பெயரை முடிவு செய்ய வேண்டும். பிளேடு பிடிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நமக்குத் தேவைப்படுவது இதற்காக. இயந்திரம் வந்துவிட்டதே என்று பிளேடைக் கீழே போடும் கல்லூரிகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

“எந்தத் திட்டாக இருந்தால் என்ன?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பிக்சினே கோக்கோஸை வைத்து வட இந்திய நகரங்களில் காற்றை அளக்கிறார்கள். லைக்கனுக்கு வேர் இல்லை, தேவையானதெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். வண்டிப்புகையிலும் ஆலைப்புகையிலும் வரும் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் அதன் உடம்பில் தங்கிவிடும். இரண்டு ஊர்களின் லைக்கனை எடுத்து உலோக அளவை ஒப்பிட்டால் எங்கே காற்று மோசம் என்று தெரியும். ஆனால் ஓர் ஊரில் பிக்சினேயையும் மற்ற ஊரில் டிரினேரியாவையும் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கே பிழை. ஒவ்வொரு இனமும் உலோகத்தைப் பிடித்துவைக்கும் அளவு வேறு. இப்போது பெயர் முக்கியமாகிவிட்டதா?

கடலூருக்கு அப்பால் பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் லைக்கன்களை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் லக்னோ நிறுவனத்தாரும் சேர்ந்து பட்டியலிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். நம் அரியாங்குப்பம் கழிமுகத்திலும் அலையாத்தி மரங்கள் உண்டு, சுண்ணாம்பாற்றங்கரையிலும் பாகூர் ஏரிக்கரையிலும் பழைய மரங்கள் உண்டு. அங்கெல்லாம் போய்ப் பார்க்க உங்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம்.

ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். சுரண்டாதீர்கள், லைக்கன் மிக மெதுவாக வளர்வது. உங்கள் வயதுக்கு மேலான திட்டாகவும் அது இருக்கலாம். நோட்டில் மரத்தின் பெயர், ஊர், தேதி, தரையிலிருந்து எத்தனை அடி உயரம், எந்தத் திசைப் பக்கம் என்று எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள், காய்ந்திருக்கும்போது ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. பொடி இருக்கிறதா, தட்டு இருக்கிறதா, பொடி குவியலாகவா ஓரத்திலா என்று லென்ஸில் பார்த்து எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் திட்டு 1, திட்டு 2 என்று எண் போடுங்கள். டி.என்.ஏ. கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு உறையின் மேலும் இதே விவரங்கள்தான் எழுதியிருக்கும். அவை இல்லாத உறையை அங்கே வாங்கவே மாட்டார்கள்.